உயிரணுவின் சுமைகாரர்கள்

வரலாற்று ஏடுகள் அரசர்களைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. அரசனின் பல்லக்கைத் தோளில் தாங்கி நடந்தவர்களைப் பற்றி அவை பேசுவதில்லை. நெல் விளைந்த கதையும் கோயிற் களஞ்சியம் நிறைந்த கதையும் கல்வெட்டில் உண்டு. அந்நெல்லை வண்டியேற்றிக் கொணர்ந்தவனின் பெயரைப் பெரும்பாலும் காணோம். ஆக்குவதும் நுகர்வதுமே வரலாறு, இடைநின்று சுமப்பது வெறுங்கூலி வேலை என்று எண்ணி நாம் பழகிவிட்டோம்.

அறிவியலின் வரலாற்றிலும் இக்குறை நெடுநாள் இருந்தது. நம் உடலின் உயிரணுக்களுள் என்னென்ன பொருள்கள் உண்டாகின்றன என்று ஆய்ந்தவர்கள் பலர். அவை எங்குச் சென்று எப்பயனை விளைவிக்கின்றன என்று ஆய்ந்தவர்களும் பலர். உண்டான இடத்திலிருந்து பயன்படும் இடத்திற்கு அவற்றைச் சுமந்து செல்வது யார் என்ற வினாவிற்கோ 1985-ஆம் ஆண்டுவரை தெளிவான விடை கிடைக்கவில்லை. அவ்விடை கிடைத்த வழியும் வியப்புக்குரியது. சுமை சென்றுகொண்டிருந்தபோது சுமப்பவரை எவரும் கண்டிலர். சுமை நின்றபோதுதான் அவர் அங்கிருந்தது தெரிய வந்தது. அவ்வரலாற்றையே இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கன்றும் பசுவும்

பசு வளர்த்தவர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றிலிருந்து தொடங்குவோம். கறவைக்கு அமர்பவர் முதலில் கன்றை அவிழ்த்துவிடுவார். கன்று மடியை முட்டி ஊட்டத் தொடங்கிய சிறிது நேரத்தில் பசு பாலைச் சொரியும். பிறகே கன்றை விலக்கிக் கட்டிவிட்டுக் கறப்பார்கள். பசு மிரண்டாலோ, பழகாத கை பட்டாலோ, மடி நிறைந்திருந்தும் பால் இறங்காது. மனிதத் தாயிடமும் இதுவே நிகழ்கிறது. பிள்ளை வாய்வைத்த சிறிது நேரத்தில் பால் பெருகிவரும். அச்சமும் கவலையும் அதைத் தடுத்துவிடும்.

இதன் காரணம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. அங்கே ஹைப்போதாலமஸ் என்ற சிறு பகுதி உள்ளது. அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு காம்பில் தொங்குவதுபோல் அமைந்திருப்பது பிட்யூட்டரிச் சுரப்பி. பிள்ளை பால் குடிக்கும்போது எழும் உணர்வு நரம்பின் வழியே மூளையை அடைய, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து ஆக்சிடோசின் என்ற பொருள் குருதியில் கலந்து, மார்பை அடைந்து, பாலை வெளித்தள்ளுகிறது. பேறுகாலத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்வதும் இப்பொருளே. பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாற்றுக்கு இந்த ஆற்றல் உண்டு என்பதை ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய அறிஞர் 1906-இல் எடுத்துக்காட்டினார். ஒன்பது அமினோ அமிலங்களின் கோவையே அது எனக் கண்டு, 1953-இல் அதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டியவர் அமெரிக்கரான வின்சென்ட் டு விக்னோ. அவருக்கு 1955-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. பிள்ளைப்பேற்றிற்குப்பின் தாய்க்கு மிகுதியான குருதிப்போக்கு ஏற்படாமல் காக்க இன்று மருத்துவமனைகளில் போடப்படும் ஊசிமருந்து இதுவே.

சாறு பிட்யூட்டரியிலிருந்து கிடைத்ததால், அது பிட்யூட்டரியிலேயே உண்டாகிறது என்று அனைவரும் கொண்டனர். ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அச்சுரப்பியின் பின்பகுதியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சுரக்கும் இயல்புடைய அணுக்கள் தென்படவில்லை. நரம்பு நுனிகளும் அவற்றைத் தாங்கும் துணை அணுக்களுமே காணப்பட்டன. அடுப்பே இல்லாத வீட்டில் சோறு மட்டும் இருப்பது போன்ற நிலை அது.

மீனும் கரப்பானும்

இப்புதிருக்கு விடை காணும் வழியைத் திறந்தவர் எர்ன்ஸ்ட் ஷாரர் என்ற ஜெர்மானிய இளைஞர். மியூனிக் நகரில் புகழ்பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ் அவர்களிடம் பயின்ற அவர், 1928-இல் ஒரு சிறு நன்னீர் மீனின் மூளையை ஆராய்ந்தார். அதன் ஹைப்போதாலமஸ் பகுதியிலிருந்த சில நரம்பணுக்களுக்குள், சுரப்பி அணுக்களில் காணப்படுவது போன்ற துகள்கள் நிறைந்திருக்கக் கண்டார். நரம்பணுவே சுரப்பியாகவும் தொழிற்படுகிறது என்று அவர் அறிவித்தார்.

அறிஞர் உலகம் அதனை ஏற்க மறுத்தது. நரம்பின் பணி மின்னலென ஓடும் செய்தியைக் கடத்துவது. சுரப்பியின் பணி குருதியில் பொருளைக் கலப்பது. இவ்விரண்டும் ஒரே அணுவில் கூடியிருக்க முடியாது என்பது அக்காலத்துக் கோட்பாடு. ஷாரர் கண்டது அணு சிதைந்ததால் தோன்றிய கழிவு என்றும், கண்ணாடித் தகட்டில் பதப்படுத்தியபோது விளைந்த பிழை என்றும் பலர் எண்ணினர்.

எர்ன்ஸ்டின் மனைவி பெர்த்தா ஷாரரும் உயிரியல் அறிஞரே. இருவரும் பணியைப் பங்கிட்டுக்கொண்டனர். முதுகெலும்புள்ள உயிர்களை அவர் ஆராய, முதுகெலும்பற்ற உயிர்களை இவர் ஆராய்ந்தார். நாசி ஆட்சியின் கொடுமையை ஏற்க இயலாத இத்தம்பதியர் 1937-இல் தாய்நாட்டைத் துறந்து அமெரிக்கா சென்றனர். அங்கே கணவருக்குப் பதவி கிடைத்தது, மனைவிக்குக் கிடைக்கவில்லை. ஊதியமில்லை, பதவிப் பெயருமில்லை. ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலை மட்டுமே கிடைத்தது. விலைகொடுத்து ஆய்வு உயிர்களை வாங்க இயலாத நிலையில், தென்னமெரிக்காவிலிருந்து வந்த குரங்குக் கூண்டுகளோடு வந்து சேர்ந்த கரப்பான்களே பெர்த்தாவின் ஆய்வுக்குப் பொருளாயின. 1955-இல் நியூயார்க்கிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் பதவி பெறும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் அவருக்கு முறையான பதவி வாய்க்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். நாம் விளக்குமாற்றை எடுத்து விரட்டும் அக்கரப்பானே அவருக்குப் பேருண்மையைக் காட்டியது.

1949-இல் கீல் நகரத்து வொல்ஃப்கங் பார்க்மன் ஒரு புதிய செய்தியோடு வந்தார். கோமோரி என்பவர் கண்டறிந்த ஆழ்ந்த நீலச் சாயம் ஒன்றை மூளையில் ஏற்றியபோது, ஹைப்போதாலமஸ் அணுக்கள் மட்டுமன்றி, அவற்றிலிருந்து காம்பின் வழியே பிட்யூட்டரி வரை செல்லும் நரம்பிழைகளும் ஒரே நீலக் கோடாகத் தெரிந்தன. நீலத் துகள்கள் மேலே உண்டாகிக் கீழே வருகின்றனவா? அல்லது கீழே உண்டாகி மேலே ஏறுகின்றனவா? கோடு திசையைச் சொல்லவில்லை.

திசையை அறிய ஒரே வழிதான் உண்டு. பாதையை மறித்துப் பார்க்கவேண்டும். 1950-களின் தொடக்கத்தில் சிலர் தவளை முதலியவற்றின் பிட்யூட்டரிக் காம்பை வெட்டினர். பெர்த்தா ஷாரர் கரப்பானின் மூளையிலிருந்து செல்லும் அதையொத்த நரம்பை வெட்டி, தம் முடிவை 1952-இல் வெளியிட்டார். வெட்டிய இடத்திற்கு மேலே, மூளைப் பக்கத்தில், துகள்கள் குவிந்து தேங்கின. கீழ்ப்பகுதியோ நாளடைவில் வறண்டது. வாய்க்காலில் மண் போட்டு அடைத்தவுடன் எப்பக்கம் நீர் ஏறுகிறது என்று பார்த்து ஓட்டத்தின் திசையை அறியும் உழவனின் அறிவே இங்கும் வென்றது. சுரப்பு மூளையில் உண்டாகிறது. பிட்யூட்டரியின் பின்பகுதி அதன் பண்டகசாலை.

இதற்குச் சற்று முன்னரே, 1948-இல், பால் வைஸ், ஹெலன் ஹிஸ்கோ என்ற இருவர் விலங்குகளின் நரம்பை இறுக்கிக் கட்டிப் பார்த்து, கட்டுக்கு மேற்புறம் நரம்பு வீங்குவதையும், கட்டை அவிழ்த்ததும் தேங்கியது மெல்ல முன்னேறுவதையும் காட்டியிருந்தனர். நம் தென்னகமும் இவ்வரலாற்றில் பங்கு கொண்டது. திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் கே. கே. நாயர், இஃபிட்டா லிம்பேட்டா என்ற செடிப்பூச்சியின் நரம்புச் சுரப்பணுக்களை ஆராய்ந்து 1955-இல் கட்டுரை வெளியிட்டார்.

ஏன் தானே மிதந்து செல்லலாகாது?

ஒரு துகள், அணுவுக்குள் இருக்கும் நீர்மத்தில் தானே மிதந்து சென்று சேராதா என்று வாசகர் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சுரப்புத் துகளின் குறுக்களவு ஏறத்தாழ 150 முதல் 200 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். துகள் கடக்கவேண்டிய தொலைவை ஒரு சென்டிமீட்டர் என்று கொள்வோம். துகளை ஒரு மீட்டர் அகலமுள்ள அண்டாவாகப் பெருக்கினால், அத்தொலைவு ஐம்பது, அறுபது கிலோமீட்டராகும். தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் போய்ச் சேர்வதற்கு ஒப்பாகும். அவ்வளவு தொலைவை இலக்கின்றி அலைந்து கடக்க மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். பசித்த பிள்ளை அதுவரை காத்திராது.

1960-களில் கதிரியக்கக் குறியிட்ட பொருள்களை நரம்பணுக்களில் செலுத்தி அளந்தவர்கள், சில பொருள்கள் நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை செல்வதைக் கண்டனர். அவ்விரைவு மிதப்பதன் விரைவன்று. யாரோ எடுத்துச் செல்வதன் விரைவு.

கணவாய் தந்த விடை

காசிமேட்டிலும் கோவளத்திலும் வலையில் விழும் கணவாயை நாம் உணவாகவே அறிவோம். அதன் உடலில் ஒரு பெருநரம்பிழை உண்டு, 1936-இல் ஜே. இசட். யங் என்ற ஆங்கிலேயர் அதனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சில கணவாய்களில் அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரை எட்டும். மனித நரம்பிழையோடு ஒப்பிட்டால் அது நூலின் அருகே வைத்த வடக்கயிறு. அதன் நுனியை வெட்டி, பற்பசையைப் பிதுக்குவதுபோல் உள்ளிருக்கும் கூழை வெளியே எடுத்துவிடலாம்.

1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஆலன் என்பவர் நுண்ணோக்கியோடு தொலைக்காட்சிப் படக்கருவியை இணைத்து, கண்ணுக்குத் தெரியாதிருந்த சிறு துகள்களைத் திரையில் தெரியச் செய்தார். அவரும் ஸ்காட் பிரேடி, ரேமண்ட் லாசெக் ஆகியோரும் 1982-இல் வெளியிட்ட செய்தி அனைவரையும் திகைக்க வைத்தது. நரம்பிழையிலிருந்து பிதுக்கியெடுத்த கூழில், உறையின்றி, உயிரணு என்ற உருவமே இன்றி, துகள்கள் இருதிசையிலும் மணிக்கணக்காக நடந்துகொண்டேயிருந்தன.

இக்காட்சியால் ஈர்க்கப்பட்டவர்களுள் ஒருவர் ரொனால்ட் வேல். அப்போது கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த மாணவர். தசையைச் சுருக்கும் மயோசின் என்ற புரதமே நரம்பிலும் சுமக்கிறதோ என்று அவரும் மைக்கேல் ஷீட்ஸும் ஐயுற்றனர். அதைச் சோதிக்கக் கணவாய் வேண்டும். 1983-இல் எல் நினோ என்ற கடல் வெப்பத்தால் கலிஃபோர்னியக் கரையில் கணவாய் அகப்படவில்லை. ஆகவே அவர்கள் நாட்டின் மறுகோடியிலுள்ள வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்திற்குச் சென்று, அங்கிருந்த தாமஸ் ரீஸ், புரூஸ் ஷ்னாப் ஆகியோருடன் சேர்ந்து உழைத்தனர்.

அவர்கள் எதிர்பார்த்தது பொய்த்தது. துகள்கள் நடந்த தடம் தசையில் உள்ளதைப் போன்ற ஆக்டின் இழை அன்று. அது 25 நானோமீட்டர் பருமனுள்ள நுண்குழல். அத்தடத்தின்மேல் துகளை நடத்துவது மயோசினும் அன்று. அதுவரை பெயரிடப்படாத வேறொன்று. அதை எப்படிப் பிடிப்பது? கூழில் ஆயிரமாயிரம் புரதங்கள் கலந்திருந்தன.

இங்கும் தடையே வழிகாட்டியது. உயிரணுவின் எரிபொருள் ஏ.டி.பி. எனப்படும். அதனைப் போலவே தோற்றமளித்து, ஆனால் எரியாத ஒரு போலிப் பொருளை லாசெக்கும் பிரேடியும் கூழில் சேர்த்தனர். நடந்துகொண்டிருந்த துகள்கள் அனைத்தும் தடத்தின்மேல் அப்படியே உறைந்து நின்றன. சுமப்பவர் தடத்தைப் பற்றிய பிடியை விடமுடியாமல் சிக்கிக்கொண்டார். வேலும் அவருடைய நண்பர்களும் இதனைப் பயன்படுத்தி, தடத்தோடு ஒட்டிநின்ற புரதத்தைத் தடத்தோடு சேர்த்தே பிரித்தெடுத்தனர். பிறகு உண்மையான ஏ.டி.பி.யைக் கொடுத்து அதன் பிடியைத் தளர்த்தினர். 1985-இல் அதற்குக் கைனசின் எனப் பெயரிட்டனர். இயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அணுவின் மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுமப்பது இது. வெளியிலிருந்து மையம் நோக்கிச் சுமக்கும் டைனீன் என்ற மற்றொன்றை, உயிரணுவின் உட்பகுதியில் பாஸ்கல், வேலி என்ற இருவர் 1987-இல் இனங்கண்டனர். வேல், ஷீட்ஸ், மயோசின் ஆய்வில் முன்னோடியான ஜேம்ஸ் ஸ்புடிச் ஆகிய மூவருக்கும் 2012-இல் லாஸ்கர் விருது வழங்கப்பெற்றது.

அடிமேல் அடி வைத்து

கைனசின் உண்மையாகவே நடக்கிறது. அதற்கு இரு பாதங்கள் போன்ற பகுதிகளும், முறுக்கிய கயிறு போன்ற உடலும், சுமையைப் பற்றும் வாலும் உண்டு. ஓர் அடியின் நீளம் 8 நானோமீட்டர் என்பதை 1993-இல் அளந்தறிந்தனர். அடிக்கு ஓர் ஏ.டி.பி. செலவாகும். நொடிக்கு ஏறத்தாழ நூறு அடி. ஒரு சென்டிமீட்டரைக் கடக்கப் பன்னிரண்டரை இலட்சம் அடிகள் வேண்டும். ஒரு கைனசின் ஏறத்தாழ நூறு அடி நடந்தபின் தடத்தைவிட்டு நழுவிவிடும். ஆகவே ஒரு துகளைப் பலர் சேர்ந்து பற்றியிருக்க, ஒருவர் விட்டால் மற்றவர் தொடர்கின்றனர்.

சுரப்புத் துகளின் பயணம் ஒரே ஊர்தியில் முடிவதில்லை. நாம் மின்ரயிலில் தாம்பரம் வந்து, பேருந்து மாறி, பின் நம் தெருவுக்குள் நடந்து வீடு சேர்வதில்லையா? அதுபோல நுண்குழல் என்ற பெருவழியில் கைனசின் கொண்டுவந்து சேர்க்க, அணுவின் ஓரத்தில் வலைபோலப் பின்னியுள்ள ஆக்டின் இழைகளில் மயோசின் வகையைச் சேர்ந்த ஒன்று பொறுப்பேற்கிறது. வேலும் ஷீட்ஸும் முதலில் எதிர்பார்த்த மயோசின், பெருவழியில் இல்லாமல் கடைசித் தெருவில் இருந்தது. அங்கே துகள்கள் காத்திருக்கும். ஆணை வந்து கால்சியம் அணுவுள் புகுந்ததும், துகளின் உறை அணுவின் உறையோடு கலந்து, உள்ளிருந்தது குருதியில் சேரும்.

எந்தத் துகளை எச்சுமைகாரர் தூக்குவது என்று யார் சொல்வது? அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் பெங் லோ என்ற பெண் அறிஞரின் குழு 2008-இல் ஒரு விடை கண்டது. துகளுக்குள் இருந்து சுரப்பினைச் செப்பனிடும் ஒரு நொதியின் வால், துகளின் உறையைக் கடந்து வெளியே நீண்டிருக்கிறது. பிட்யூட்டரி அணுக்களில் அவ்வாலே சுமைகாரர் பற்றிக்கொள்ளும் பிடியாகிறது. பண்டத்தைப் பக்குவம் செய்யும் கையே மூட்டையின் கைப்பிடியாகவும் அமைந்திருக்கிறது.

இத்தகைய துகள்களைச் சுமக்கும் கைனசின் இனங்களுள் ஒன்று கே.ஐ.எஃப்.-1ஏ. இதன் வரலாறு ஒரு புழுவில் தொடங்குகிறது. சிட்னி பிரென்னர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த, ஒரு மில்லிமீட்டர் நீளமும் 302 நரம்பணுக்களும் உடைய அப்புழுவில், ஒழுங்காக நகர மாட்டாத ஒரு வகை இருந்தது. 1991-இல் அதன் நரம்பணுக்களைப் பார்த்தபோது, நுனியில் இருக்கவேண்டிய பைகள் அணுவின் மையத்திலேயே குவிந்து கிடந்தன. பண்டம் உண்டு, பசித்தோர் உண்டு, இடையே சுமப்பவர் இல்லை. அச்சுமைகாரரை ஆக்கும் மரபணுவே பழுதுற்றிருந்தது. அதற்கு இணையானதை எலியிலும் ஜப்பானிய அறிஞர் ஹிரோகாவாவின் குழு ஆராய்ந்தது. அது அறவே இல்லாத எலிக்குட்டிகள் பிறந்த சிறிது காலத்திலேயே மாண்டன.

2011 முதல் மனிதக் குழந்தைகளிலும் இம்மரபணுவின் பிறழ்வுகள் கண்டறியப்பட்டு வருகின்றன. கால்கள் விறைத்தல், நடை தடுமாறுதல், பார்வை குன்றுதல், வலிப்பு, அறிவு வளர்ச்சியில் தாமதம் எனப் பலவாறாக அது வெளிப்படும். நோயை வேரறுக்கும் பொதுமருந்து இன்றளவும் இல்லை. மரபணு வழி முயற்சிகள் தொடங்கியுள்ளன. இங்கே நாம் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்நோயில் பெரும்பாலும் பிறழ்வு பெற்றோரிடமிருந்து வருவதன்று. கரு உருவாகும் காலத்தில் புதிதாக நேர்வது. நம் ஊர்களில் குறையோடு ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், தாயின் நடத்தையிலும் தந்தையின் வினையிலும் காரணம் தேடும் வாய்கள் இன்னும் ஓயவில்லை. கருவுற்ற காலத்தில் அவள் எதைத் தின்றாள், எங்குச் சென்றாள் என்று கேட்பவர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு சுமைகாரரின் பாதத்தில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்ததற்கு அவள் எவ்வகையில் பொறுப்பாவாள் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

மும்பையும் தரமணியும்

இத்துறையில் நம் நாட்டவரின் பங்கு சிறிதன்று. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ரூப் மாலிக் தம் குழுவினரோடு ஆராய்ந்து, டைனீன்கள் கூட்டாகச் சுமையை இழுக்கும் திறத்தை 2013-இல் எடுத்துரைத்தார். தனித்த டைனீன் கைனசினைவிட வலிவு குறைந்தது. ஆனால் பல டைனீன்கள் சேர்ந்தால், முன்னே செல்பவர் தம் நடையைச் சுருக்கி, பின்தங்கியவரும் வடம் பிடிக்க இடந்தந்து, சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. திருவிழாவில் தேரிழுத்த எவருக்கும் இது விளங்கும். ஒருவர் மட்டும் முந்தி இழுத்தால் வடம் அறும். அனைவரும் ஒத்து இழுத்தால் தேர் நகரும். இவ்வாய்வுகளுக்காக அவருக்கு 2018-இல் இன்ஃபோசிஸ் பரிசு அளிக்கப்பெற்றது.

அதே நிறுவனத்தில் சந்தியா கௌஷிகா முன்சொன்ன புழுவின் நரம்புகளில் நிகழும் போக்குவரத்தை ஆராய்ந்து வருபவர். அவருடைய குழுவும், நம் சென்னையின் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்திருந்த கௌதம் மேனனும் இணைந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வரலாற்றில் புதியதொரு திருப்பம் எனலாம். நலமுள்ள நரம்பிலும் பைகள் ஓடிக்கொண்டேயிருப்பதில்லை. ஆக்டின் மிகுந்த இடங்களில் அவை நின்றுவிடுகின்றன. நின்றவற்றின் பின்னால் வருபவையும் முட்டி நிற்கின்றன. அதாவது, அணுவுக்குள்ளேயே போக்குவரத்து நெரிசல்.

நெரிசல் என்ற சொல்லை ராஜகீழ்ப்பாக்கத்தார்க்கு விளக்கவேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பிலும் செம்பாக்கத்திலும் காலை வேளையில் நின்றவர்களுக்கு, ஒரு வண்டி நின்றால் நூறு வண்டி நிற்கும் என்பது நன்கு தெரியும். அவ்வாறு நிற்பது இழப்பு என்பதே நம் அனுபவம். ஆனால் புழுவின் நரம்பு வேறொன்றைக் கற்பிக்கிறது. அப்புழுவை மீண்டும் மீண்டும் தொட்டுத் தூண்டியபோது, நின்றிருந்த பைகளின் நெருக்கம் குறைந்தது. தேவை எழுந்ததும் தேங்கியவை புறப்பட்டன. ஆகவே அத்தேக்கங்கள், ஓட்டம் தடைப்படாமல் காக்கும் சேமிப்புகளாகவும் இருக்கலாம் என்று அவ்வாய்வாளர்கள் கருதினர்.

இதற்கு உவமை தேடி வெகுதூரம் செல்லவேண்டாம். அதே சாலையின் அருகில் ராஜகீழ்ப்பாக்கம் ஏரியும் செம்பாக்கம் ஏரியும் உள்ளன. ஓடிய நீரைக் கரைகட்டி நிறுத்தியவர் நம் முன்னோர். ஓர் ஏரி நிறைந்து வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். நின்ற நீர் வீணான நீரன்று. கோடைக்கு வைத்த நீர். பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்களை நட்டவர்களும் இதை அறிந்திருந்தனர். தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் பிறர் துணை வேண்டாதபடி, தோளுயரத்தில் நட்ட கல் அது. பிள்ளைப்பேற்றுக்கு முன் வயிற்றுச் சுமையோடு மாண்ட பெண்களின் நினைவாக அவற்றை நடும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. இறக்கப்படாத ஒரு சுமையின் துயரை, வழிப்போக்கரின் சுமையை இறக்கி ஆற்றிக்கொண்ட சமுதாயம் நம்முடையது.

பிள்ளைப்பேற்றின்போது உயிருக்கு இடர் நேரும் தாய்மார் பலரைக் காக்கக்கூடிய மருந்து, நாம் தொடக்கத்தில் கண்ட ஆக்சிடோசின். இன்று அது கண்ணாடிக் குப்பியில் கிடைக்கிறது. ஆயினும் அது வெப்பத்தில் வலிவிழக்கும். ஆக்கிய இடத்திலிருந்து தாய் படுத்திருக்கும் அறைவரை குளிர்ச்சியாகவே அதனைக் கொண்டுசேர்க்க வேண்டும். உடலுக்குள் கைனசின் செய்வதை, உடலுக்கு வெளியே மருந்துக்கிடங்கின் பணியாளரும், வண்டியோட்டியும், செவிலியரும் செய்கின்றனர். ஆலையில் எத்துணைத் தூய்மையாக ஆக்கப்பட்டிருந்தாலும், இவர்களில் ஒருவர் தவறினால் அம்மருந்து அத்தாய்க்கு இல்லாததே ஆகும்.

ஹென்றி டேல் சாற்றின் ஆற்றலைக் கண்டது 1906. சுமப்பவருக்குப் பெயர் கிடைத்தது 1985. இடையே எழுபத்தொன்பது ஆண்டுகள். அக்காலமெல்லாம் தாய்மார்கள் பாலூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கைனசினும் நாள்தோறும் இலட்சக்கணக்கான அடிகளை எடுத்துவைத்துக்கொண்டுதான் இருந்தது. நரம்பை வெட்டியபோதும், கட்டியபோதும், எரிபொருளை மாற்றியபோதும், ஒரு புழு நகர மாட்டாமல் கிடந்தபோதுமே மனிதர் அதனைத் திரும்பிப் பார்த்தனர். நம் வீட்டிலும் தெருவிலும் சுமப்பவர்களை, அவர்கள் நின்றுபோகும் நாள்வரை காத்திராமல், நடந்துகொண்டிருக்கும்போதே நாம் காண்போமாக.